அம்மாவின் றிப்போட்டில் இரண்டு புரதங்கள் இல்லை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடங்களுக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட்டது. திருகோணமலையில் கருப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். முதல் றிப்போட்டில் "ஹை கிரேட் புற்றுநோய், வகையை உறுதிப்படுத்த இம்யூனோ செய்யவும்" என்று இருந்தது. அந்த இழையத்தைப் பதித்து வைத்த மெழுகு புளொக்கை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினோம். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த றிப்போட்டில் "ஈஆர் பொசிற்றிவ், பி53 பொசிற்றிவ், வைல்ட் ரைப், பி16 பச்சி, எம்எல்எச்1உம் பிஎம்எஸ்2உம் லொஸ்ட், எம்எஸ்எச்2உம் எம்எஸ்எச்6உம் ரிரெயின்ட்" என்று போட்டிருக்கிறது. நேர்ஸாக வேலை செய்கிற மச்சாள், பி53 பொசிற்றிவ் என்றால் கூடாத வகை என்கிறா. தங்கச்சி வேறு லாப்பில் திரும்பச் செய்வோம் என்கிறாள். முதல் டொக்டருக்கு வகை தெரியவில்லையா? புரதம் இல்லாமல் போனது என்றால் நோய் முற்றிவிட்டதா? எங்கள் இருவருக்கும் வருமா? ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். எல்லாம் தெளிவாகும்வரை தள்ளிப்போடலாமா?
மகள் ஒருவர், உப்புவெளி

பதில்: தள்ளிப்போட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கருப்பை, இரு சூலகங்கள், பலோப்பியன் குழாய்கள் ஆகியவற்றை எடுப்பதுதான் இந்த நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை. நீங்கள் எழுதியிருக்கிற முடிவுகளில் எதுவும் அந்த முடிவை மாற்றாது. ஒப்பரேஷனுக்குப் பிறகு என்ன செய்வது, உங்களையும் தங்கச்சியையும் எப்படிப் பார்ப்பது என்ற இரண்டுக்கும்தான் அவை உதவும்.

முதல் றிப்போட் எழுதியவரில் பிழை காணாதீர்கள். வழமையான ஊதா, இளஞ்சிவப்பு நிறமூட்டலில் தெரிவது கலங்களின் உருவமும் அவை அடுக்கப்பட்டிருக்கும் விதமும் மட்டுமே. கருப்பை உட்படலத்தில் வரும் எண்டோமெற்றியொயிட் வகையின் மூன்றாம் தரமும் (அதாவது ஹை கிரேட்), அதைவிடக் கூடாத சீரஸ் வகையும் அந்தக் கண்ணாடியில் அச்சொட்டாக ஒன்றைப்போல இருக்கலாம். அனுபவமுள்ள இரண்டு பத்தோலொஜிஸ்ட்டுகள் ஒரே சிலைட்டைப் பார்த்து இரண்டு பெயர் சொல்வது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கிற விஷயம். போதாக்குறைக்குச் சுரண்டி எடுத்த இழையம் துண்டு துண்டாக, இரத்தத்தோடு கலந்து வரும். அப்படியான நேரத்தில் ஊகித்து ஒரு பெயரை எழுதாமல் "இம்யூனோ செய்யவும்" என்று எழுதுவதுதான் பொறுப்பான செயல்.

அந்த இம்யூனோவில், அதாவது குறிப்பிட்ட புரதங்களை நிறமாக்கிக் காட்டும் சோதனையில், என்ன நடக்கிறது என்று தெரிந்தால் றிப்போட்டின் பாதிப் பயம் போய்விடும். புளொக்கிலிருந்து 3 அல்லது 4 மைக்ரோன் தடிப்பில் ஒரு சீவல் வெட்டுவார்கள். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இழையம் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் மின்னேற்றம் கொண்ட கண்ணாடியில் அதை ஒட்டி, 60 பாகை சூட்டு அடுப்பில் ஒரு மணித்தியாலம் அளவில் வைப்பார்கள். பிறகு சைலீனிலும் அற்ககோலிலும் மெழுகைக் கழுவுவார்கள். போமலின் இழையத்தைக் கெடாமல் காக்கும்போது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து மூடிவிடுகிறது. அந்தப் பிணைப்பை அவிழ்க்க, பிஎச் 6 சிற்றேற் கரைசலிலோ பிஎச் 9 கரைசலிலோ கொதிநிலைக்குக் கிட்ட 20 நிமிடமளவில் சூடாக்கி ஆறவிட வேண்டும். இழையத்தில் இயல்பாக இருக்கிற பெரொக்சிடேஸ் நொதியம் பொய்யான நிறம் தராதபடி 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் பத்து நிமிடம் வைப்பதும் உண்டு. அதன்பின்தான் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கிற பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள். அது பிடித்த இடத்தில் நொதியம் ஒன்றை ஒட்டி, டிஏபி என்ற சாயத்தைச் சேர்த்தால் அந்த இடம் பனங்கட்டி நிறத்துக்கு மாறும். மற்றக் கலக்கருக்களை நீலமாக்கக் கடைசியில் ஹெமற்றொக்சிலின்.

ஒரு புரதத்துக்கு ஒரு சீவல். அம்மாவுக்கு ஏழு புரதம் பார்த்திருக்கிறார்கள் என்றால் ஏழு கண்ணாடிகள். ஒரு கண்ணாடிக்கு நாலைந்து மணித்தியாலம் போதும். ஆனால் பிறபொருளெதிரிகள் விலை கூடியவை, ஒவ்வொரு தடவையும் ஒப்பீட்டுச் சிலைட்டும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதனால் லாப்புகள் பல நோயாளிகளின் இழையங்களைச் சேர்த்து வைத்துத்தான் செய்யும். உங்கள் மூன்று கிழமையில் பெரும் பகுதி அந்தக் காத்திருப்பாகத்தான் இருந்திருக்கும்.

இனி மச்சாளின் கவலை. இரத்தப் பரிசோதனையில் பொசிற்றிவ் என்றால் இருக்கிறது, நெகற்றிவ் என்றால் இல்லை. பி53ஐ அப்படிப் பார்க்கக் கூடாது. ஆரோக்கியமான கலத்திலும் அந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும். ஆகவே கட்டியின் கலக்கருக்களில் சில கடுமையாக, சில மெதுவாக, சில நிறமே இல்லாமல் கலந்து தெரிந்தால் அந்த மரபணு பழுதாகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அதைத்தான் "வைல்ட் ரைப்" என்று எழுதியிருக்கிறார்கள். கூடாத அடையாளங்கள் வேறு: ஏறக்குறைய எல்லாக் கலக்கருவும், அதாவது 80 சதவீதத்துக்கு மேல், ஒரே கடும் நிறமாக இருப்பது. அல்லது கட்டியில் ஒரு கலத்திலும் நிறம் இல்லாமல் பக்கத்து இயல்பான கலங்களில் மட்டும் இருப்பது. அபூர்வமாகக் கருவை விட்டுக் குழியவுருவில் நிறம் பரவுவதும் உண்டு. பாருங்கள், முற்றாக நெகற்றிவ் என்பதும் கூடாத பக்கம்தான். வெறும் "பி53 பொசிற்றிவ்" என்று மட்டும் எழுதி நிறுத்துகிற றிப்போட்டுகள் இன்னும் வருகின்றன. அவை யாருக்கும் பயன்படாது. உங்களுடையதில் வைல்ட் ரைப் என்று தெளிவாக இருக்கிறது, மச்சாளுக்கு அந்த இரண்டு சொல்லைக் காட்டுங்கள்.

ஈஆர் (ஈஸ்ட்ரஜன் ஹோமோனின் ஏற்பி) பிடித்ததும், பி16 என்ற புரதம் "பச்சி", அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. சீரஸ் வகை என்றால் பி53 பெரும்பாலும் பழுதாகவும் பி16 முழுக்கப் பரவியும் இருந்திருக்கும். எச்பிவி வைரசால் கருப்பைக் கழுத்தில் தொடங்கி மேலே வந்த புற்றுநோய் என்றாலும் பி16 இடைவெளியே இல்லாமல் பிடித்திருக்கும், ஈஆர் அநேகமாக இருக்காது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இது எண்டோமெற்றியொயிட் வகை.

உங்களை உண்மையில் பயமுறுத்தியது "லொஸ்ட்" என்று வந்த இரண்டும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகிய நான்கும் டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது வருகிற எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள். இவை சோடி சோடியாக வேலை செய்கின்றன. எம்எல்எச்1 இல்லாவிட்டால் அதன் சோடியான பிஎம்எஸ்2 தனியே நிலைக்காமல் அழிந்துவிடும். எம்எஸ்எச்2க்கும் எம்எஸ்எச்6க்கும் இடையிலும் அதே உறவு, அவை இரண்டும் "ரிரெயின்ட்", அதாவது அப்படியே இருக்கின்றன. ஆகவே அம்மாவுக்கு இரண்டு பழுது இல்லை. எம்எல்எச்1 என்ற ஒன்று போனது, மற்றது அதோடு இழுபட்டுப் போனது. நோய் முற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்கானும் ஒப்பரேஷனில் எடுத்த உறுப்பும்தான் சொல்லும். கருப்பை உட்படலப் புற்றுநோய்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த வகைதான்.

2013இலிருந்து இந்த நோயை மூலக்கூறு அடிப்படையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். பி53 பழுதானது மோசமான குழு. போல் (POLE) என்ற மரபணு மாறியது மிக நல்ல குழு. திருத்தும் புரதம் இழந்தது நடுவில் நிற்கிறது. இந்த மூன்றிலும் சேராதது நான்காவது. 2023இல் ஃபிகோ என்ற சர்வதேசப் பெண்நோயியல், மகப்பேற்றுச் சம்மேளனம் நோயின் படிநிலைக்குள்ளேயே இதைச் சேர்த்துக்கொண்டது. நோய் கருப்பைக்குள் நிற்கும் கட்டத்தில் பி53 பழுதும் போல் மாற்றமும் அம்மாவின் படிநிலையை மாற்றியிருக்கும். திருத்தும் புரத இழப்பு மாற்றாது. போல் மாற்றத்தை நிறமூட்டலால் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு மரபணு வரிசை பார்க்க வேண்டும். இம்யூனோ எல்லாம் சொல்லிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த இழப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நோய் பின்னாளில் பரவினாலோ திரும்ப வந்தாலோ பெம்ப்ரொலிசுமாப், டொஸ்ரார்லிமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இந்த வகைக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன. விலை மிக அதிகம். கருப்பைக்குள் நிற்கும் நோயை ஒப்பரேஷனில் முழுதாக எடுத்தால் அவை வழமையாகத் தேவைப்படாது. ஆனாலும் றிப்போட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

தங்கச்சி கேட்பதுபோல் திரும்பச் செய்ய வேண்டுமா? அதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். கட்டியில் நிறம் இல்லை என்று சொல்வதற்கு முன், அதே சிலைட்டில் கட்டிக்கு இடையிலிருக்கிற நிணநீர்க்கலங்களிலும் இணைப்பிழையக் கலங்களிலும் நிறம் பிடித்திருக்க வேண்டும். அவை அம்மாவின் இயல்பான கலங்கள், அவற்றில் புரதம் கட்டாயம் இருக்கும். அவையும் வெளிறிக் கிடந்தால் நிறமூட்டல் தோற்றுவிட்டது என்று அர்த்தம், புரதம் போனது என்று அல்ல. "உள்ளகக் கட்டுப்பாடு நிறம் பிடித்துள்ளது" என்ற கருத்தில் ஒரு வரி றிப்போட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் திரும்பச் செய்யத் தேவையில்லை. இல்லாவிட்டால் காசு கட்டித் திரும்பச் செய்யாமல், அந்த லாப்பின் பத்தோலொஜிஸ்ட்டிடம் கேட்டு ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். அவர் சிலைட்டைத் திரும்பப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

திரும்பச் செய்வதில் ஒரு நட்டமும் இருக்கிறது. சுரண்டி எடுத்த இழையம் ஏற்கெனவே கொஞ்சம். புளொக்கை மெசினில் திரும்ப ஏற்றும் ஒவ்வொரு முறையும், முகத்தை மட்டப்படுத்துவதற்கே பல சீவல்கள் வெட்டி எறிய வேண்டும். தேவையான சீவலைவிட அதில் போவது கூட. நாலு தடவை ஏற்றி இறக்கினால் கட்டி முடிந்து வெறும் மெழுகுதான் மிஞ்சும். இன்னும் ஏதாவது சோதனை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேளுங்கள்.

அப்படிக் கேட்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: எம்எல்எச்1 மெதைலேற்றம். எம்எல்எச்1 இரண்டு வழியில் போகலாம். பெரும்பான்மையோரில், வயது போகப்போகக் கட்டிக்குள் மட்டும் அந்த மரபணுவின் முகப்பில் மெதைல் கூட்டங்கள் ஒட்டி அதை மூடிவிடுகின்றன. அது பிள்ளைகளுக்குப் போகாது. சிறுபான்மையோரில் பிறக்கும்போதே மரபணுவில் பழுது இருக்கும். அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். கருப்பை உட்படலப் புற்றுநோய் வருகிற 100 பேரில் 3 பேரளவில்தான் அது. அதே புளொக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து மெதைலேற்றம் பார்க்கலாம். இருந்தால், அம்மாவின் வயதில், உங்கள் இருவரின் கவலையும் ஏறக்குறைய முடிந்தது. இல்லாவிட்டால் அம்மாவின் இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்ய வேண்டும். முதலில் அம்மாவுக்கு. அவரில் எந்தப் பழுது என்று தெரியாமல் உங்கள் இரத்தத்தைச் சோதித்தால் வருகிற பதிலை நம்ப முடியாது. குடல் புற்றுநோய்க்குச் செய்கிற பிராஃப் என்ற மரபணுவின் சோதனையை மெதைலேற்றத்துக்குப் பதிலாகச் சிலர் எழுதிவிடுவார்கள். கருப்பைக் கட்டியில் அது உதவாது.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு தாளில் அம்மாவின் பக்கத்து உறவுகளை எழுதுங்கள்: அம்மம்மா, அம்மப்பா, மாமாமார், பெரியம்மா, சின்னம்மா, அவர்களின் பிள்ளைகள். யாருக்கு என்ன புற்றுநோய், எத்தனை வயதில் என்று மட்டும் போதும். முக்கியமாகப் பெருங்குடல், கருப்பை, சூலகம். "வயிற்றில் கட்டி" என்று சொல்லிச் செத்தவர்களையும் எழுதுங்கள், நம் ஊர்களில் குடல் புற்றுநோய் அந்தப் பெயரில்தான் மறைந்திருக்கும். 50 வயதுக்குள் யாருக்காவது வந்திருந்தால் மெதைலேற்ற முடிவு எப்படி வந்தாலும் மரபணு ஆலோசனை தேவை. லிஞ்ச் உறுதியானால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது கடத்தப்பட்டிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். கடத்தப்பட்டவர்களுக்கு 25 வயதளவிலிருந்து ஒன்று தொடக்கம் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பெருங்குடலை கமெரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தெளிவாகும்வரை நீங்கள் இருவரும் அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம். மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் பட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். எம்.ஓ.எச். பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் எடுத்த பப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று ஆறுதல்படவும் வேண்டாம். அது கருப்பைக் கழுத்துக்கான சோதனை, உட்படலத்தைப் பார்க்கச் செய்வதல்ல.

கடைசியாக ஒப்பரேஷனில் எடுக்கிற கருப்பையைப் பற்றி. இம்யூனோ கெடுவது பெரும்பாலும் லாப்பில் அல்ல, தியேட்டரிலிருந்து லாப்புக்கு வருகிற வழியில். போமலின் இழையத்துக்குள் ஊறுவது மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான். கருப்பைச் சுவரோ தடித்த தசை. திறக்காமல் முழுதாகப் போட்டால் போமலின் உட்படலத்துக்குப் போய்ச் சேருமுன், கட்டி உள்ளேயே அழுகத் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து, திங்கட்கிழமை லாப்பில் திறந்தால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். இப்படிக் கெட்ட இழையத்தில் எம்எஸ்எச்6உம் பிஎம்எஸ்2உம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது, கழுத்திலிருந்து மேல்வரை இரு பக்க ஓரத்தாலும் வெட்டித் திறந்து, இடையில் கோஸ் துணி வைத்து, இழையத்தின் கனவளவைப்போல பத்து முதல் இருபது மடங்கு 10 சதவீத நடுநிலை போமலினில் அமிழ்த்துவது. 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்பது மார்புப் புற்றுநோய்க்கு வகுத்த எல்லை. கருப்பைக்கும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

திறப்பது டொக்டரின் வேலையோ லாப்பின் வேலையோ, உங்களுடையதல்ல. நீங்கள் கேட்கக்கூடியது, விண்ணப்பப் படிவத்தில் முதல் பயொப்சியின் இலக்கத்தையும் இம்யூனோ முடிவையும் எழுதச் சொல்வது. அது எழுதப்பட்டிருந்தால் லாப்பில் போத்தல் வந்த உடனேயே திறப்பார்கள், செய்த நிறமூட்டலைத் திரும்பவும் செய்ய மாட்டார்கள். பயொப்சித் துண்டுகள் சிறியவை என்பதால் நன்றாக ஊறியிருக்கும், அந்த முடிவே போதும். ஒப்பரேஷனில் வேறு விதமான கட்டி தெரிந்தால் மட்டும் திரும்பப் பார்ப்பார்கள்.

போத்தலை உங்கள் கையில் தந்து லாப்பில் கொடுக்கச் சொன்னால், வாயகன்ற போத்தலா, இழையம் முழுதாக அமிழ்ந்திருக்கிறதா, பெயர் மூடியில் இல்லாமல் போத்தலின் உடலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி மாறுவது சர்வசாதாரணம். போமலின் இல்லையென்று சேலைனில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், சேலைனில் இழையம் கெடும். குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையிலும் வைக்காதீர்கள், உறைந்தால் கலங்கள் கிழியும்.

மெதைலேற்றத்துக்குப் புளொக்கைத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தால், அதன் மெழுகு உருகுவது 56 முதல் 60 பாகையில். கச்சான் அடிக்கிற மாதங்களில் வெயிலில் நிறுத்திய வானின் டாஷ்போர்ட் அந்தச் சூட்டுக்குக் கிட்டப் போகும். ரிசுவில் சுற்றிச் சிறிய பெட்டியில் வைத்துக் கைப்பையில் கொண்டுபோங்கள். சீவி வைத்த நிறமூட்டாத கண்ணாடிகளைவிடப் புளொக்கே மேல். சீவல்கள் கிழமைக்கணக்கில் கிடந்தால் புரதங்கள் மங்கத் தொடங்கும். புளொக்கோடு, ஊதா நிறச் சிலைட்டும் இரண்டு றிப்போட்டுகளின் பிரதியும் போக வேண்டும். கொடுக்கும்போது புளொக் இலக்கத்தை எழுதிய துண்டில் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் புளொக்கைத் திருகோணமலை லாப்பிலேயே திரும்ப ஒப்படையுங்கள். அம்மாவை மஹரகமவுக்கோ மட்டக்களப்புக்கோ கிளினிக்குக்கு அனுப்பினாலும், பிறகு ஒரு சோதனை தேவைப்படும்போது அங்கேதான் தேடி வருவார்கள்.